ஏரிக்குள் பெரியவர்

கோல்பி ஸ்டென்ரூட்டை மன்னித்துவிட்டாயா என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இந்த மின்னசோட்டாக் குளிரில் நல்லவர்களாக இருப்பது ஊருக்கே தொற்றிய பழக்கம். எனக்குத் தொற்றவில்லை. மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் ஐலா ரவுத்தியோ. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் வருடம். எங்கள் ஏரியில் பர்பாட் என்று ஒரு மீன் உண்டு. பார்க்கச் சகிக்காது. வழவழவென்று விலாங்கு மாதிரி உடம்பு, தவளை மாதிரி வாய், தாடையில் ஒற்றை மயிர். மற்ற மீன்கள் தண்ணீர் வெதுவெதுப்பானதும் முட்டையிடும். இது மட்டும் ஏரி கெட்டியாக உறைந்து, அதன் மேல் வண்டி ஓடுகிற காலத்தில், பனிக்கட்டிக்கு அடியில் ஜோடி சேரும். அப்போது ஆண் மீன் குரல் கொடுத்துக் கூப்பிடும் என்பார்கள். ஆனால் எங்கள் ஏரியில் அந்தக் குரலை யாரும் பதிவு செய்ததில்லை. நான் செய்யப் போகிறேன் என்று முதல் வருடமே முடிவு கட்டிவிட்டேன்.

எதற்கு என்றால், தீவுக்கு. ஏரிக்கு நடுவே ஒரு தீவு, அதில் ஓர் ஆய்வு நிலையம். ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆய்வு, கலைக் கண்காட்சி நடக்கும். அதில் முதலில் வருகிறவருக்குக் கோடை முழுக்க அந்தத் தீவில் இடம். ஒரே ஓர் இடம். பள்ளியில் படிக்கும்போது படகில் போய் அந்தத் தீவை எட்டிப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தண்ணீருக்குள் இறக்கும் மைக் என்னிடம் இருந்தது. இல்லாதது, ஏரியின் மேல் உட்கார ஒரு கொட்டகை. குளிர்காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் சின்ன மரக் கொட்டகைகளைப் பனிக்கட்டியின் மேல் இழுத்துப் போய் வைத்து, தரையில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். கோல்பியின் மாமாவுக்கு அப்படி ஒன்று இருந்தது, உள்ளே அடுப்பும் கட்டிலுமாக. கோல்பி என் வகுப்பு. வெள்ளைப் பல்லும் நல்ல குரலும் கொண்டவன். வந்து கேட்டான்.

"கொட்டகை என்னுது, மூளை உன்னுது. சேந்து பண்ணலாமா?"

"சேர்ந்துன்னா நீயும் குளிர்ல வரணும்டா."

"வராம? என்னை என்னன்னு நெனச்சே?"

வந்தான், அதில் குறை சொல்ல முடியாது. வந்து, அடுப்பை மூட்டி, கட்டிலில் படுத்துத் தூங்குவான். இரண்டு குளிர்காலம் அந்தப் பயல் தூங்கினான். கொட்டகைக்கு வெளியே காற்றில் நான் துளை போட்டேன், மைக்கை இறக்கினேன், சறுக்குவண்டியில் சாமானை இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும். மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பனிக்கட்டி பேசுவதை எல்லாம் கேட்டேன். அது முனகும், விசிலடிக்கும், இரும்புக் கம்பியை இழுத்து விட்டது போல ஓடும். எந்தச் சத்தம் பிளவினால், எது காற்றால், எது தூரத்தில் போகும் வண்டியால் என்று பிரித்து வைத்தேன். பர்பாட் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் கை மரத்துப்போய்க் கொட்டகைக்குள் வந்தேன். ஈரமான மைக் வெளியே கிடந்தால் உறைந்து வெடித்துவிடும். அதனால் எப்போதும் அதைத் தண்ணீர் வாளியில் போட்டு அடுப்பருகே வைப்பது வழக்கம். அன்றைக்குப் பதிவுக் கருவியை அணைக்க மறந்துபோனேன். வாளி கோல்பியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அப்புறம் போட்டுக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. ஆழத்திலிருந்து எழும்பும் ஒரு உறுமல். "ர்ர்ரூம்... புளுக்... ர்ர்ரூம்." நடுவே நீண்ட மௌனம், மறுபடி உறுமல். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். நல்லவேளை, நிறுத்தாமல் மேலே கேட்டேன். என் குரலே வந்தது. "கோல்பி, எந்திரிடா" என்று. அடச்சே! அவன் குறட்டை. வாளித் தண்ணீர் வழியாக வந்ததில் ஏரிக்கே சொந்தக்காரன் மாதிரி கேட்டிருக்கிறது.

விழுந்து விழுந்து சிரித்தேன். உறுமலை மட்டும் வெட்டி, 'பெரியவர்' என்று பெயர் வைத்து, பஹூவாவுக்கு அனுப்பினேன். பஹூவா வாங் என் அறைத்தோழி, இசைத்துறை. வெட்டிய துண்டு எங்கள் ஆய்வின் பொதுக் கோப்புறையிலும் கிடந்தது. முழுப் பதிவு என் கருவியிலேயே இருந்தது.

மார்ச்சில் எனக்குக் கடுமையான காய்ச்சல். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி வாரம்.

"நீ படுடீ, நான் பாத்துக்கறேன்," என்றான் கோல்பி. "ரெண்டு பேர் பேரும் போட்டு அனுப்பிடறேன். சூப் குடி."

சூப் குடித்தேன். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் துறை வாசலில் ஒட்டியிருந்த அவன் போஸ்டரின் மாதிரியைப் பார்த்தேன். 'பனிக்கடியில் ஒரு குரல்: பர்பாட்டின் முதல் பதிவு. கோல்பி ஸ்டென்ரூட்.' என் பெயரைத் தேடினேன். இருந்தது. அடியில், எறும்பு எழுத்தில். 'சாமான் தூக்க உதவிய ஐலாவுக்கு நன்றி.'

சாமான் தூக்க உதவிய ஐலா! அங்கேயே கிழித்து எறிந்திருப்பேன். அப்புறம்தான் தலைப்பைத் திரும்பப் படித்தேன். பர்பாட்டின் முதல் பதிவா? எங்களிடம் பர்பாட் ஏது? ஒன்றுதான் இருக்கிறது. பெரியவர். இந்த முட்டாள் தன் குறட்டையைத் தானே மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கேட்டுப் பழகியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரண்டு குளிர்காலத்தில் அவன் ஏரியைக் கேட்டதே இல்லை.

முதலில் முறையாகத்தான் போனேன். எங்கள் வழிகாட்டி வெண்டல் ஓக்ஸ், சண்டை என்றாலே ஸ்வெட்டருக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் மனிதர்.

"ஐலா, எழுதினது அவன்தானேம்மா," என்றார். "கூட்டு வேலையில இப்படி ஒண்ணு ரெண்டு நடக்கும்."

"புரொஃபசர், அவன் தூங்கினான். நான் வேலை செஞ்சேன்."

"புகார் குடு, கமிட்டி பாக்கும். செப்டம்பர்ல கூடுவாங்க."

"தீவு ஜூன்ல."

"அடுத்த வருஷமும் தீவு அங்கதானே இருக்கும்? கொஞ்சம் பெருந்தன்மையா இரேன்."

பெருந்தன்மை! திருடியவன் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றுவான், பறிகொடுத்தவள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். குறட்டை விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொன்னால் ஓக்ஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, தலைப்பை மாற்றச் சொல்லுவார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். எனக்கு அப்படி முடியக் கூடாது. ஊர் பார்க்க அவன் மூக்கு உடைய வேண்டும்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பஹூவா, உன் நிகழ்ச்சியில யார் யார் குறட்டை இருக்கு?"

எங்கள் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு அறிவிக்கும் முன் கலைப்பிரிவிலிருந்து ஒரே ஒரு படைப்பை அரங்கத்துக்கே போட்டுக் காட்டுவார்கள். அந்த வருடம் பஹூவாவுடையது. 'நமக்கே தெரியாத நம் சத்தங்கள்' என்று பெயர். தெரிந்தவர்களின் வயிற்று உறுமல், முணுமுணுப்பு, குறட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் சொந்தக்காரரின் பெயர் வரும். இலையுதிர் காலத்திலேயே எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிட்டாள். கோல்பி என்ன சொன்னான் தெரியுமா? "என்ன வேணா போட்டுக்கோ. நான் குறட்டையே விடமாட்டேன்!"

நான் சொன்னதைக் கேட்ட பஹூவா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"இப்பவே சொல்லிட்டா என்ன, ஐலா? தீவு உனக்கே கிடைச்சாலும் கிடைக்கும்."

"செப்டம்பர்ல கிடைக்கும், ஒரு மன்னிப்புக் கடுதாசி. நீ போடுவியா மாட்டியா?"

"போடுவேன்டீ. பயமா இருக்கு, ஆனா போடுவேன். என்னோட புது ஹெட்ஃபோனை உடைச்சது யாருன்னு நெனச்சே? அந்தத் தடியன்தான்."

கண்காட்சி நாள். ஹாக்கி அரங்கத்துப் பனியை மூடிப் பலகை போட்டிருந்தார்கள். பாதம் சில்லிட்டது. வரிசை வரிசையாகப் போஸ்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மாணவன், முகத்தில் செத்துப்போவோமோ என்ற பயம். குளிர்காலத்தில் நாம் பின்னால் வருபவருக்குக் கதவை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அளந்தவன் ஒருவன். ஹாக்கி மட்டையில் சுற்றும் டேப்பால் திருமண கவுன் தைத்து அதைப் போட்டுக்கொண்டே நின்றவள் ஒருத்தி. வாத்து எச்சத்தை உரமாக்கிக் கேரட் வளர்த்த ஆர்லோ, வந்தவர்களுக்கெல்லாம் கேரட்டை நீட்டினான், ஒருவரும் வாங்கவில்லை. இரும்புத்தாது உருண்டைகளில் செய்த சதுரங்கக் காய்கள், மூன்று நாடகங்கள், உருளைக்கிழங்கு மின்கலம். எல்லோரையும் எனக்குப் பிடித்திருந்தது. கூட்டம் மட்டும் கோல்பியைச் சுற்றித்தான்.

அவன் முன்னால் ஹெட்ஃபோனும் திரையும். ஒவ்வொருவராக மாட்டிக் கேட்டார்கள். "ஓ!" என்றார்கள். பெரியவர் உறுமிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் லோர்னா போட்ரி வந்தார். தீவு நிலையத்தின் தலைவி, நடுவர்களில் ஒருவர். நரைத்த பின்னல், பனிக்காற்றில் வெந்த முகம். என் பிறப்புக்கு முன்னாலிருந்தே அந்தக் குரலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தவர். ஹெட்ஃபோனை மாட்டினார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நான் சாகறதுக்குள்ள கேக்க மாட்டேன்னு நெனச்சேன்," என்று கோல்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவர் தோளுக்கு அருகில்தான் நின்றிருந்தேன். அம்மா, அது மீன் இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தொண்டை வரை வந்தது. அதற்குள் கோல்பி என்னைப் பார்த்துவிட்டான்.

"இதோ ஐலா! சாமான் தூக்கறதுல இவளை அடிச்சுக்க ஆளே இல்ல."

வந்த வார்த்தையை விழுங்கினேன். கண்காட்சியில் யார் வேண்டுமானாலும் யாரையும் கேள்வி கேட்கலாம், நிற்பவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்டேன்.

"எவ்வளவு ஆழத்துல எடுத்தது, கோல்பி?"

"முப்பதடி." கண் இமைக்கவில்லை.

"நேர்லயே கேட்டியா?"

"இந்த ரெண்டு காதால. ராப்பூரா முழிச்சிருந்து."

"கூட யாரும் இல்ல?"

"நீதான் குளிருதுன்னு உள்ள போயிட்டியே, மறந்துட்டியா?" என்று சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

"ஓ, ஆமா," என்றேன். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் விளக்கைக் குறைத்தார்கள். லெமன் கேக்கும் காபியுமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். கோல்பி முதல் வரிசையில், லோர்னா போட்ரிக்கு அடுத்த நாற்காலியில். பஹூவா மேடை ஓரத்தில் கணினி முன் உட்கார்ந்தாள்.

முதலில் வயிற்று உறுமல்கள். கணக்குத்துறைத் தலைவரின் வயிறு. அரங்கம் சிரித்தது. குளிக்கும்போது முணுமுணுக்கும் ஒரு பாட்டு. நூலகத்தில் விரல் சொடுக்கு. பிறகு குறட்டைகள், மெல்லியவை, விசிலடிப்பவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வந்தது, பெயருக்கு உரியவர் முகத்தை மூடிக்கொண்டார், சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அப்புறம் அது வந்தது. "ர்ர்ரூம்... புளுக்... ர்ர்ரூம்."

சிரிப்பு பாதியில் நின்றது. காலையிலிருந்து அதை ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரையில் பெயர் இன்னும் வரவில்லை. உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் மேல் என் குரல், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல.

"கோல்பி, எந்திரிடா. துளை உறைஞ்சு போகுது. எத்தனை தடவை எழுப்பறது?"

உறுமல் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

"அஞ்சு நிமிஷம்டீ... நீயே பாத்துக்கோ. எப்பவும் நீதானே எல்லாம் பண்றே."

மறுபடி "ர்ர்ரூம்."

திரையில் எழுத்து வந்தது: 'கோல்பி ஸ்டென்ரூட். ஏரியின் மேல், தூக்கத்தில். வாளித் தண்ணீரில் பதிவு.'

எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள், செருப்பைத் தூக்கி எறிய மாட்டார்கள். கையிலிருக்கும் காபியைக் குனிந்து பார்ப்பார்கள். அரங்கம் முழுக்கக் காபியைப் பார்த்தது. ஓக்ஸ் ஸ்வெட்டருக்குள் போய்விட்டார். கோல்பியின் கழுத்து பின்பக்கம் காதுவரை சிவந்து ஏறுவதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். ஆஹா, அந்தச் சிவப்பு! இரண்டு குளிர்காலத்துக் குளிரும் எனக்கு அந்த நிமிடம்தான் விட்டது. அவன் எழுந்தான். நடந்தான். கதவு வரை எல்லோரும் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோர்னா போட்ரி எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"வேலை உன்னுதா?"

"எல்லாமே."

"அது குறட்டைன்னு உனக்கு எப்பத்திலேந்து தெரியும்?"

"ஆரம்பத்திலேந்தே."

"நான் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு அழுதப்போ என் பக்கத்துலயே நின்னியே."

"ஆமா."

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம்.

"தீவுல எங்களுக்கு வேற துணை கிடையாது," என்றார். "ஒருத்தர் கேட்டேன்னு சொன்னா மத்தவங்க நம்பணும். அவன் திருடன், அவனை எடுக்க மாட்டேன். நீ என்னை ஏமாற விட்டுட்டு வேடிக்கை பாத்தே. உன்னையும் எடுக்க மாட்டேன்."

தீவு கேரட் ஆர்லோவுக்குப் போனது. நல்ல பையன்தான், போகட்டும். அன்றைக்கு அறைக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன், அழுதேன். அழுது முடித்து அந்தச் சிவந்த கழுத்தை நினைத்தேன், சிரிப்பு வந்தது. இரண்டும் உண்மைதான்.

அந்த வசந்தத்தில் பாதி மாணவர்களின் தொலைபேசி பெரியவர் குரலில்தான் அடித்தது. கோல்பி உணவுக்கூடத்தில் தட்டோடு நுழைவான், எங்காவது ஒரு மேசையிலிருந்து "ர்ர்ரூம்" என்று கிளம்பும். ஒரு நாள் தட்டோடு என் மேசைக்கு வந்து நின்றான்.

"திருப்தியா? தீவு உனக்கும்தான் போச்சு."

"உனக்குப் போச்சுல்ல? எனக்கு அது போதும்."

"பைத்தியக்காரி."

"சாமான் தூக்கற பைத்தியக்காரி. போய்த் தூங்கு, போ."

மே மாதம் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் அன்றைக்கு இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன்.

அடுத்த குளிர்காலம் ஏரி கெட்டிப்பட்டதும் நான் மறுபடி போனேன். கொட்டகை கிடையாது, பழைய கூடாரம். பஹூவா கூட வந்து, இரண்டு கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு, எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள், திட்டினாள், தூங்கவில்லை. பிப்ரவரியில் ஒரு மாலை, மைக் துளைக்குள் முப்பதடி ஆழத்தில் இருந்தபோது, ஹெட்ஃபோனில் ஏதோ தட்டியது. மெதுவாக ஒரு தட்டல், இன்னொன்று. அப்புறம் தட்டல்கள் நெருங்கி ஒன்றாகி ஓர் உறுமல். இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு உறுமல் அதற்குப் பதில் சொன்னது.

ஹெட்ஃபோனைப் பஹூவாவின் காதில் வைத்தேன். அவள் கண் விரிந்தது.

"ஐலா," என்றாள், "நாம ரெண்டு பேருமே முழிச்சுதானே இருக்கோம்?"

கரைப் பக்கம்தான், சிக்னல் இருந்தது. பதிவை வெட்டாமல், ஒட்டாமல், நாள் நேரம் ஆழம் எல்லாம் எழுதி, அங்கேயே மண்டியிட்டு லோர்னா போட்ரிக்கு அனுப்பினேன். அதைக் கேட்டால் அறியக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். வேறு யாருக்கு அனுப்புவது? விரல் உறைய, தொலைபேசியைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. ஒரே வரி.

'இந்தத் தடவை தூங்கறது யாரு?'

பஹூவா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, ஆறிப்போன காபியைப் பனியில் கொட்டினாள். நான் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டேன். கீழே அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.